குழந்தையோடு பேசுவதற்கு ஒரு பயிற்சியா? அங்கன்வாடி, நர்சரி ஆசிரியைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நர்சரி ஆசிரியைகளுக்கும் குழந்தைகளோடு பேசுவதில் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சி அறையில் கேட்கத் தயங்கி தேநீர் இடைவேளையில் கேட்ட கேள்விகள், ஊருக்குப் போனபிறகு வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள், சில சமயம் கோபமாக வந்தவை என எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுக் குழந்தைகள் மையங்களை மனதில் வைத்து எழுதியவை.

மூன்று வயதுக் குழந்தையோடு பேச ஒரு பயிற்சி வேண்டுமா? நாங்களும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்தானே?

இது எல்லாக் கூட்டத்திலும் வரும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். வீட்டில் ஒரு பிள்ளையோடு பேசுவது எல்லோருக்கும் வரும். இருபது பிள்ளைகள், ஒரு அடுப்பு, ஒரு எடை இயந்திரம், வாசலில் சத்துமாவு வாங்க நிற்கும் இரண்டு தாய்மார்கள், இவர்களுக்கு நடுவில் பேசுவது வேறு.

முதல் நாள் நாங்கள் செய்வது ஒன்றுதான். பயிற்சிக்கு வருவதற்கு முன்பே, மதிய உணவு நேரத்தில் ஐந்து நிமிடம் செல்போனில் ஒலிப்பதிவு செய்து வரச் சொல்லிவிடுவோம். அதை அவரவரே காதில் வைத்துக் கேட்டு, தான் பேசியதை ஒரு தாளில் எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஒரு டீச்சர் தானாகவே எழுந்து படித்துக் காட்டினார்: "சிந்தாதே. நேரா உக்காரு. பேசாம சாப்பிடு. கைய எடு. அவன பாக்காத, உன் தட்டப் பாரு." ஐந்து நிமிடத்தில் கேள்வி என்று வந்தது ஒன்றே ஒன்று: "யாருக்கு இன்னும் சாதம் வேணும்?" படித்து முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் போலீஸ்காரம்மா மாதிரி இருக்கேன்" என்றார்.

அவரே இரண்டு மாதம் கழித்து இன்னொரு பதிவு அனுப்பினார். முட்டை கொடுத்த நாள். ஒரு குழந்தை, "டீச்சர், உள்ள மஞ்சா" என்கிறது. "ஆமா, மஞ்சளா ஒரு உருண்டை இருக்கு. வேற எங்க மஞ்சள் பாத்திருக்க?" என்கிறார் டீச்சர். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை, தட்டுச் சத்தம் மட்டும். பிறகு குழந்தை சொல்கிறது: "எங்கம்மா மூஞ்சில."

அந்த நடு மௌனம்தான் பயிற்சி. குழந்தை சொன்னதை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருப்பது. பெரியவர்களுக்கு ஒரு விநாடி மௌனமே நீளம். மூன்று வயதுக்குச் சொல்லைத் தேடி எடுக்க நாலைந்து விநாடி வேண்டும். நாம் அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம், அல்லது பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

அரசு தரும் பயிற்சிகளில் இவையெல்லாம் இருக்கின்றனவா?

காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. 1972இல் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலேயே உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நடைமுறையில் சோறும் எடையும் முன்னே போயின, பேச்சும் விளையாட்டும் பின்னால் நின்றுவிட்டன. கேட்டால் சோறு அளக்கலாம், பேச்சை எப்படி அளப்பது என்பார்கள்.

2023 மே மாதம் ஒன்றிய அரசு ‘போஷன் பீ, படாய் பீ’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ‘ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும்’ என்று பொருள். இதில் பணியாளர்களுக்கு மூன்று நாள் நேரடிப் பயிற்சி. அதையொட்டி 2024இல் இரண்டு கையேடுகள் வந்தன: பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கு ‘நவசேதனா’, மூன்று முதல் ஆறு வரைக்கு ‘ஆதார்ஷிலா’. தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முன்பிருந்தே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் அங்கன்வாடிகளில் இருக்கிறது. பயிற்சியில் நாங்கள் புதிதாக ஒரு பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து தலையில் ஏற்றுவதில்லை. கையில் இருக்கும் அந்தப் புத்தகத்தையே எடுத்து, இந்த மாதச் செயல்பாட்டில் பேச்சு எங்கே வருகிறது என்று தேடுவதுதான் வேலை.

குழந்தையிடம் பேச்சுத் தமிழில் பேசலாமா? கெட்டுப்போகாதா?

தாராளமாகப் பேசுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தமிழ்க் குழந்தைக்கு உள்ள சிக்கல் இதுதான்: வீட்டில் "சாப்ட்டியா" என்று கேட்கிறாள் அம்மா, புத்தகம் "சாப்பிட்டாயா" என்கிறது. பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் இன்னொன்று. முதல் வகுப்பில் ஒரு பிள்ளை "வந்தாங்க" என்று பேசிக்கொண்டு "வந்தார்கள்" என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுத்தையும் புதிதாகக் கற்று, சொல்லையும் புதிதாகக் கற்பது இரட்டைச் சுமை.

அதற்காக மூன்று வயதில் "நீ உணவு உண்டாயா?" என்று கேட்டால், பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். எழுத்துத் தமிழைக் கதை வழியாகக் காதில் போடுங்கள். புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒரு தடவை படியுங்கள், பிறகு அதையே பேச்சுத் தமிழில் பேசுங்கள். "‘நரி ஓடியது’ன்னு போட்டிருக்கு. நரி ஏன் ஓடுச்சு?" இப்படி நாலு மாதம் கேட்ட பிள்ளை தானாகவே ‘புத்தகக் குரலில்’ கதை சொல்லும். ஒரு மையத்தில் நாலு வயதுப் பெண், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அப்பொழுது ஒரு சிங்கம் வந்தது, அது என்னா பண்ணுச்சுன்னா..." என்று படித்ததை நானே கேட்டிருக்கிறேன். இரண்டு தமிழும் ஒரே மூச்சில்.

வட்டார வழக்கையும் திருத்தாதீர்கள். நீங்கள் ‘கத்தரிக்கோல்’ என்பதைக் குழந்தை வேறு பேரில் சொன்னால், "ஆமா, அதுக்குக் கத்தரிக்கோல்னும் பேரு" என்று சேர்த்துக் கொடுங்கள். ‘தப்பு’ என்ற சொல் வேண்டாம்.

வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைகள்?

திருப்பூர்ப் பக்கமும் செங்கல் சூளைகள் உள்ள ஊர்களிலும் இது அன்றாடக் கதை. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்காதீர்கள். ஒரு மொழியில் நன்றாகப் பேச, கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி அதன் மேல்தான் ஏறும். அந்தப் பிள்ளையின் மொழியில் தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, அம்மா ஆகிய ஐந்து சொற்களை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். மலைப்பகுதி மையங்களில் உதவியாளர் அதே சமூகத்தவராக இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தமிழே பேசாமல் சில வாரம் சும்மா உட்கார்ந்து கவனிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

எப்போது எழுதச் சொல்லித்தருவது? பக்கத்து நர்சரியில் எல்கேஜியிலேயே நோட்டு நிரப்புகிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.

வரத்தான் செய்வார்கள். நோட்டில் ‘அ’ இருபது தடவை இருந்தால் படிப்பு நடந்ததாக அர்த்தம். மணலில் விரலால் எழுதி அழித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட எதுவும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுதினார்கள் என்று தாத்தா பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், அவர்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையிலும் பிள்ளைகள் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித்தான் முதலில் பழகுகிறார்கள்.

பென்சிலுக்கு முன்னால் விரலுக்கு வலு வேண்டும். களிமண் உருட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது, பட்டாணி உரிப்பது, சட்டைப் பித்தான் போடுவது, கோலப்பொடி கிள்ளிப் போடுவது எல்லாம் எழுத்து வேலைதான். பதிவேட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ் எழுத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. 247 என்று பயமுறுத்த வேண்டாம். அது 12 உயிரும் 18 மெய்யும், அவை சேர்ந்து பிறக்கும் எழுத்துகளும், ஓர் ஆய்தமும் சேர்ந்த கணக்கு. ஆனால் ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பிள்ளை கேட்கும் வரிசை ஒன்று, பார்க்கும் வரிசை வேறு. ‘கு, டு, மு’ மூன்றிலும் ஒரே உகரம், ஆனால் மூன்று வடிவம். ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதையெல்லாம் மூன்று வயதில் திணிக்கக் கூடாது. ‘ட, ப, ம’ போலப் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆன எழுத்துகளை முதலில் காட்டிப் ‘படம், மடம்’ என்று போவதற்குக் காரணம் உண்டு. ‘அ’ அழகான எழுத்துதான், ஆனால் பிஞ்சு விரலுக்கு அது ஒரு மலைப்பாதை.

அங்கன்வாடியில் எழுத்துக் கற்பித்தல் என்றால், தன் பெயரை அடையாளம் காண்பது போதும். தட்டு வைக்கும் அலமாரியில் பெயர் ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் மற்றவன் தட்டை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் சண்டை நடக்கும். அந்தச் சண்டை படிப்பு நடக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். முறையான எழுத்தறிவுக்கு முதல் வகுப்பில் ‘எண்ணும் எழுத்தும்’ இருக்கிறது. 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள்.

கையேட்டில் ‘ஒலி விழிப்புணர்வு விளையாட்டு’ என்று இருக்கிறது. புரியவில்லை.

சொல்லுக்குள் இருக்கும் ஒலியைக் காதால் பிரித்தறிவது, அவ்வளவுதான். கையேடு புரியாததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் கேட், பேட், மேட் என்று கடைசி ஒலி ஒத்துப்போகும் விளையாட்டு பிரபலம். அதை வரி வரியாகத் தமிழாக்கி வைத்தால் சப்பென்று இருக்கும். நம் காது வேறு மாதிரி பழகியது. நமக்கு முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. தாலாட்டும் விடுகதையும் ஒப்பாரியும்கூட இதில்தான் ஓடுகின்றன.

ஆகவே "‘ப’வில தொடங்குற பேரு யாருக்கெல்லாம் இருக்கு? எந்திரிங்க" என்பது ஒரு விளையாட்டு. "கட்டம், பட்டம், வட்டம்... அடுத்து என்ன?" என்பது இன்னொன்று. பிள்ளை ‘சட்டம்’ என்றாலும் சரி, ‘லட்டம்’ என்று இல்லாத சொல்லைச் சொன்னாலும் சரி. இரண்டாவது இன்னும் நல்லது, ஏனென்றால் பிள்ளை சொல்லை மனப்பாடம் செய்யவில்லை, ஒலியைப் பிடித்துவிட்டது. ‘தக்-கா-ளி’ என்று கைதட்டிப் பிரிப்பது மூன்றாவது. காய்கறி நறுக்கும்போது உதவியாளரே இதைச் செய்யலாம்.

கதைப் புத்தகமே நாலைந்துதான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது?

நாலு போதும். பிள்ளைகளுக்கு ஒரே கதை பத்து நாள் வேண்டும், நமக்குத்தான் சலிக்கிறது. முதல் நாள் கதையைச் சொல்லுங்கள். மறுநாள் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். அடுத்து "ஏன் அழுவுது?", அதற்கடுத்து "உன்னய யாராச்சும் இப்படி விட்டுட்டுப் போயிருக்காங்களா?" என்று குழந்தையின் வாழ்க்கைக்குள் வாருங்கள். கடைசியில் பக்கத்தைத் திருப்பும் வேலை மட்டும் உங்களுடையது, கதை அவர்களுடையது. இருபது பேருக்கு ஒரே நேரத்தில் இது நடக்காது. ஆறு ஆறு பேராக, பாயில் வட்டமாக உட்கார்த்தி வையுங்கள்.

புத்தகத்தைப் பூட்டி வைக்காதீர்கள். கிழியும். கிழியட்டும். கிழிந்ததற்குக் கணக்குக் கேட்பார்களே என்று சொல்வீர்கள், தெரியும். பயிற்சிக்கு வரும் மேற்பார்வையாளர்களிடமும் இதை நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று வயதாகியும் ஒரு குழந்தை பேசவில்லை. ‘அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாரு’ என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ஒரு வயதையொட்டி ஒன்றிரண்டு சொல், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்ந்த பேச்சு வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு வராத பல பிள்ளைகளுக்குக் காதில்தான் கோளாறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா என்பதை நீங்களே இரண்டு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள்.

2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அந்தக் குழுவிடம் உங்கள் குறிப்பைக் காட்டுங்கள். குறையை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். குழு வரும்வரை மாதக்கணக்கில் இருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே நேராக அனுப்பலாம்.

தாயிடம் சொல்லும் விதம் முக்கியம். "உங்க புள்ளைக்குக் குறை இருக்கு" என்றால் மறுநாள் பிள்ளை மையத்துக்கே வராது. "நான் கூப்பிட்டா சில நேரம் திரும்பல அக்கா, காதை ஒரு தடவை பாத்துட்டா நமக்கு நிம்மதி" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சியில் ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் தாய், ஒருவர் டீச்சர். மாமியார் வேடத்துக்குத்தான் போட்டி அதிகம்.

அதேபோல, நாலு வயதில் ‘ர’வை ‘ல’வாகச் சொல்வதும், ‘ழ’ வராததும் நோய் இல்லை. பெரியவர்களிலேயே பல பேருக்கு ‘ழ’ வருவதில்லை.

மொழிப் பயிற்சியில் எடையும் உயரமும் எதற்கு?

பசித்த பிள்ளைக்குக் கதை ஏறாது. அவ்வளவு எளிதான காரணம்தான். புயச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5 வரை மிதமானது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சேர்ப்பது ஒன்றுதான்: புயத்தை அளக்கும் நாடாவில் சிவப்பு காட்டும், அதாவது கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாத பிள்ளை. தொந்தரவு தராததால் ‘நல்ல பிள்ளை’ என்று ஓரத்தில் விட்டுவிடுகிறோம். எடைக் குறிப்புக்குப் பக்கத்திலேயே, ‘இன்று என்னோடு என்ன பேசியது’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். இரத்தச்சோகைக்கான இரும்புச்சத்து சிரப்பை வாரம் இரண்டு முறை கொடுக்கும்போதும் முகத்தைப் பிடித்து ஊற்றாமல், பேசிக்கொண்டே கொடுக்கலாம்.

தூக்கத்தைப் பற்றியும் தாய்மாரிடம் பேசுங்கள். மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணிநேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சாப்பிட வைக்க செல்போன் கொடுக்கிறார்கள். நாமும் மையத்தில் பாட்டு வீடியோ போடலாமா?

அதே நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை ஒரு நாளில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டிலேயே அது தீர்ந்துவிட்டிருக்கும். உங்கள் குரலில் சுருதி போகாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே பாடுங்கள்.

பயிற்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செயலியில் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் யார் செய்வது?

இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை. போஷன் டிராக்கர் செயலியில் புகைப்படம் ஏறும்வரை சோறு ஆறிக்கொண்டிருக்கும் மையங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நலத்தைப் பற்றிப் பேசாமல் குழந்தை நலம் பேசும் பயிற்சி பாதிப் பயிற்சிதான். அதனால் நாங்கள் கூடுதல் வேலை எதையும் தருவதில்லை. சாப்பாடு, கைகழுவல், காலையில் வரவேற்பு ஆகிய மூன்று நேரமும் ஏற்கெனவே உங்கள் நாளில் இருக்கிறது. அந்த நேரத்துப் பேச்சை மட்டும் மாற்றுங்கள். கோபம் தலைக்கேறும் நாளில் உதவியாளரிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சியில் மாற்றம் வருமா?

வராது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் ஒரு மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார வைத்து, நாள் முழுக்கத் திரையில் படம் காட்டிப் பேசினேன். மைக் பாதி நேரம் கரகரத்தது. மாலையில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதில் சில மையங்களுக்குப் போனேன். நான் கொடுத்த அட்டைப் படங்கள் பீரோவில் ரப்பர் பேண்ட் கழற்றாமல் இருந்தன.

அதன்பிறகு ஒரு குழுவில் முப்பது பேர்தான். இரண்டு நாள் கூடுகிறோம், மையத்துக்குப் போய் ஒரே ஒரு செயலை ஒரு மாதம் செய்து பார்க்கிறார்கள், மீண்டும் ஒரு நாள் கூடுகிறோம். நடுவில் நாங்கள் மையத்துக்கு வந்து, குறிப்பேடு இல்லாமல், பாயில் உட்கார்ந்து பார்க்கிறோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்து நாற்காலி போடுவார்கள், உட்காரக் கூடாது.

சான்றிதழ் கிடைக்குமா? வேலைக்கு உதவுமா?

எங்கள் பயிற்சியின் சான்றிதழ் வேலை வாங்கித் தராது. தேசியக் கல்விக் கொள்கை 2020, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் என்று பேசுகிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு கதை. நீங்களாகப் படிக்க விரும்பினால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) தொலைநிலையில் முன்பருவக் கல்விப் பட்டயம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

அங்கன்வாடி உதவியாளரும் பயிற்சிக்கு வரலாமா? எங்களை யாரும் கூப்பிடுவதே இல்லை.

கட்டாயம் வாருங்கள். பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது, மூக்குத் துடைப்பது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள்தான். அந்த நேரத்தில் பிள்ளை பேசுவது ஆயாம்மாவிடம்தான், டீச்சரிடம் இல்லை. எழுதப் படிக்கச் சிரமம் என்றாலும் பரவாயில்லை. உங்களுக்குத் தாளில் எழுதும் வேலை எதுவும் வைப்பதில்லை. சமையல் முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்கள் அமர்வை மதியம் இரண்டு மணிக்கு வைத்துவிடுகிறோம். உங்கள் பாட்டி சொன்ன விடுகதை இரண்டை மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.